யாரைச் சேர்த்து எண்ணுவது

நவம்பர் மாதத்தில், மழை விட்ட இரவு ஒன்பது மணிவாக்கில், இண்டூரில் தெருவிளக்கு எட்டாத பக்கமாகப் போய் வடக்கே பார்த்து நின்றால் உச்சிக்குக் கொஞ்சம் கீழே புகை ஊதினாற்போல ஒரு திட்டு தெரியும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். ஓரக்கண்ணால் பார்த்தால் திரும்ப வரும். அதுதான் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. அந்த வெளிச்சம் கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆகிறது. தொலைநோக்கி இல்லாத கண் எட்டிப் பார்க்கக்கூடிய ஏறக்குறைய கடைசி எல்லை அது.

நான் பேச நினைப்பது தெரிகிற அந்தத் திட்டைப் பற்றி அல்ல. அதைச் சூழ்ந்து, அதைவிடப் பல மடங்கு எடையோடு, தெரியாமல் இருக்கும் ஒன்றைப் பற்றி. டார்க் மேட்டர் என்ற பெயர் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தமிழில் கரும்பொருள் என்கிறோம். பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. கறுப்பாக இருந்தால் பின்னால் இருப்பதை மறைத்திருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்திருக்கலாம். இது எதையும் மறைப்பதில்லை. ஒளி இதற்குள் புகுந்து அப்பால் போய்விடுகிறது. அங்கே இருக்கிறது என்பதற்கு அதன் இழுப்பு ஒன்றுதான் சாட்சி.

எடை என்று எழுதினால் இயற்பியல் வாத்தியார்கள் கோபித்துக்கொள்வார்கள், நிறை என்றுதான் எழுத வேண்டும். படித்தது இயற்பியல்தான் என்பதால் எனக்கும் கொஞ்சம் கூசுகிறது. ஆனாலும் எடை என்ற சொல்தான் இங்கே வேண்டும். ஒரு மனுஷனுக்கோ வீட்டுக்கோ இருக்கிற கனமும் அதற்குள் அடங்கும்.

எடையை எப்படிப் போடுகிறார்கள்? ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றுகிறோம். கை இருட்டில் இருக்கிறது, கயிறும் தெரியவில்லை, கல் மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் வேகமும் வட்டத்தின் அளவும் தெரிந்தால் கை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று சொல்லிவிடலாம். பெரிய கேலக்ஸிகளைச் சுற்றிச் சின்னச் சின்ன கேலக்ஸிகள் திரிகின்றன. துணை கேலக்ஸிகள். அவைதான் கல். நம் பார்வைக்கோட்டில் அவற்றின் வேகம் விநாடிக்கு 100 கிலோமீட்டர் அளவிலும், நடுவிலிருந்து தூரம் ஆறரை லட்சம் ஒளியாண்டு அளவிலும் இருந்தால், நடுவே இருக்க வேண்டிய எடை ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கு மேல். அங்கே நட்சத்திரமாகத் தெரிவதை எல்லாம் கூட்டினால் பத்தாயிரம் கோடி சூரியன் தேறினால் பெரிசு. மிச்சம்தான் கரும்பொருள்.

கேட்க எளிதாக இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் இதில் எத்தனை விஷயத்தை நாம் பார்க்காமலே ஒத்துக்கொள்கிறோம் என்று தெரியும். ஒரு கேலக்ஸி நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பதை அதன் ஒளியின் நிறமாலை சொல்லிவிடும். பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைச் சொல்லாது. ஆக மூன்று திசை வேகத்தில் நம் கைக்கு வருவது ஒன்று. மற்ற இரண்டும் இதே அளவுதான் இருக்கும், எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இருக்காது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறோம். தூரமும் அப்படித்தான். வானத்தில் பெரிய கேலக்ஸிக்குப் பக்கத்தில் தெரிவது உண்மையில் பக்கத்தில் இருக்கிறதா, வெகு முன்னாலோ பின்னாலோ இருந்து அப்படித் தெரிகிறதா என்பது பல நேரம் தெரியாது.

இவையெல்லாம் அளவீட்டுச் சங்கடங்கள். நல்ல கருவி வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். என்னை உறுத்துவது வேறு. கணக்கைத் தொடங்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: எவையெல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை?

வழியே போகிற கேலக்ஸி ஒன்று கூட்டத்தின் ஊடாகக் கடந்து போகலாம். அதைத் துணை என்று சேர்த்துவிட்டால் எடை பொய்யாக ஏறும். ஆகவே மிக வேகமாகப் போகிறவற்றை இவன் நம்ம ஆள் இல்லை என்று கழிக்கிறார்கள். எவ்வளவு வேகம் போனால் மிக வேகம்? அந்தக் கூட்டம் பிடித்துவைக்க முடியாத வேகம். எவ்வளவு வேகம் வரை பிடித்துவைக்க முடியும்? அதன் எடையைப் பொறுத்தது. எடை எவ்வளவு? அதைத்தானே கண்டுபிடிக்க உட்கார்ந்தோம். செக்கு மாடு மாதிரி ஒரு சுற்று. இதிலிருந்து வெளியே வர நல்ல வழிமுறைகள் உண்டு, திரும்பத் திரும்பப் போட்டுச் சரிபார்ப்பார்கள், கணினியில் செயற்கைக் கூட்டங்களை உருவாக்கிச் சோதிப்பார்கள். ஆனாலும் அடியில் ஒரு முடிவு, யாரோ ஒருவர் எடுத்தது, உட்கார்ந்தே இருக்கிறது.

அந்த முடிவின் கனம் தெரிய ஒரு சின்னக் கணக்கு. பத்து துணைகள். ஒன்பது பேரின் வேகம் 80, பத்தாவதின் வேகம் 240. எடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80இன் வர்க்கம் 6,400. ஒன்பது பேருக்கும் சேர்த்து 57,600. 240இன் வர்க்கம் எவ்வளவு தெரியுமா? அதே 57,600. ஒழுங்காக வட்டமடிக்கும் ஒன்பது பேரும் சேர்ந்து சொல்கிற சாட்சியை, தள்ளி நின்று ஓடுகிற அந்த ஒன்று தனியாகச் சொல்லிவிடுகிறது. அதைச் சேர்த்தால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. சேர்க்காவிட்டால் எல்லாம் அமைதியாக, அழகாக, நம்பும்படி இருக்கும்.

இது நான் கற்பனை செய்த கணக்கு. ஆனால் வானத்தில் நிஜமாகவே அப்படி ஒன்று உண்டு. நம் பால்வீதிக்கும் ஐம்பதுக்கு மேல் துணை கேலக்ஸிகள் இருக்கின்றன. அதில் ஒன்று லியோ 1. மகம் நட்சத்திரத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. ஒட்டினாற்போல் என்பது நம் பார்வைக்குத்தான். மகம் 79 ஒளியாண்டு, லியோ 1 எட்டு லட்சம் ஒளியாண்டுக்கும் மேல். மகத்தின் பிரகாசத்திலேயே மறைந்து கிடந்ததால் 1950 வரை யார் கண்ணிலும் படவில்லை. (மகத்துப் பெண் ஜகத்தை ஆள்வாள் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் மறைப்பாள் போல.) பால்வீதியின் துணைகளில் மிகத் தொலைவில் இருப்பவற்றில் ஒன்று, அதோடு விநாடிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருப்பது. அவ்வளவு தள்ளி இருப்பது அவ்வளவு வேகமாக ஓடலாமா? ஒன்று, பால்வீதி நாம் நினைத்ததைவிட மிகவும் கனமானது, அதனால்தான் இவ்வளவு வேகமானதையும் கட்டி வைத்திருக்கிறது. இல்லையென்றால் லியோ 1 நம்முடையதே இல்லை, போய்க்கொண்டே இருக்கிறது, இனி வராது. பல வருஷம் இந்த ஒரு கேள்வி பால்வீதியின் எடையை ஆட்டிவைத்தது.

1981இல் ஜான் பாகாலும் ஸ்காட் ட்ரெமெய்னும் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் படிப்பது. வழக்கமான வாய்ப்பாடு, மையத்துக்கு ரொம்ப ஒட்டித் தெரிபவற்றின் பேச்சை அளவுக்கு மீறிக் கேட்கிறது என்று காட்டி, தூரத்தில் இருப்பவற்றுக்கும் உரிய பங்கு கிடைக்கிற மாதிரி வேறொரு வழியைச் சொன்னார்கள். வறண்ட கணிதக் கட்டுரை. நான் அதை முதலில் படித்தபோது குடும்பச் சண்டைகளைப் பற்றிப் படிப்பது போலத்தான் இருந்தது.

எங்கள் ஆயாவுக்குப் பேரப்பிள்ளைகள் எத்தனை என்று வீட்டில் யாரைக் கேட்டாலும் ஒன்பது என்பார்கள். நானும் அந்த ஒன்பதில் ஒருத்தி. பெங்களூரில் நாலு பேர், திருப்பூரில் ரெண்டு பேர், சென்னையில் ஒருத்தர், ஊரிலேயே ரெண்டு பேர். பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் எப்பாடுபட்டாவது வந்து சேருவோம். வழியில் சண்டை, வந்தால் சண்டை, திரும்பும்போது கண்ணீர். தருமபுரிப் பக்கம் பாதி வீடுகளின் கதை இதுதான். மண்ணில் பெரிசாக ஒன்றும் இல்லை, கேழ்வரகும் நிலக்கடலையும் மழையை நம்பி. பிழைப்பு வெளியூரில், வேர் இங்கே.

உண்மையில் பேரப்பிள்ளைகள் பத்து. பெரியப்பாவின் மூத்த மகள் 2009இல், ஊருக்கு வெளியே என்று ஊர் சொல்கிற பக்கத்திலிருந்து ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். ஓசூரில் இருக்கிறாள். அவளைப் பற்றி வீட்டில் இரண்டு கருத்து இருந்தது. பெரியப்பா, “அவ போயிட்டா, விடு” என்பார். ஆயா மட்டும், “எங்க போயிடுவா? வருவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் கேட்காதபோதும்.

2012 நவம்பர் 7ஆம் தேதி, இதே மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு பெண்ணும் ஒரு பையனும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டதைத் தொடர்ந்து. தமிழ்நாடே பேசிய அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. அதற்கு முன்னால் அக்காவின் பெயர் எப்போதாவது பேச்சில் வரும். அதற்கப்புறம் வரவே இல்லை.

இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் வரலாறு பேச வேண்டும். பெரியப்பாவுக்கும் ஆயாவுக்கும் நடந்த இதே விவாதத்தை வானியலாளர்கள் இருபது முப்பது வருஷம் நடத்தியிருக்கிறார்கள்.

1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா கொத்தில் இருக்கும் கேலக்ஸிகளின் வேகத்தைப் பார்த்தார். தெரிகிற ஒளிக்கு உரிய எடையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு வேகத்தைக் கட்டிப்போட முடியாது. நூற்றுக்கணக்கான மடங்கு எடை தெரியாமல் இருக்க வேண்டும் என்றார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1950களில் ஆர்மீனியாவின் விக்டர் அம்பார்த்சூமியான் அதே வேகங்களுக்கு வேறு பொருள் சொன்னார். தெரியாத எடை எதுவும் இல்லை. இந்தக் கூட்டங்கள் சிதறிக்கொண்டிருக்கின்றன. ஒன்றாக இருப்பது போலத் தெரிவது நாம் பார்க்கிற கணத்தின் மாயம், கொஞ்ச காலத்தில் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடும். 1961இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் இதைப் பேசவே தனியாக ஒரு கூட்டம் நடந்தது.

எனக்கு அம்பார்த்சூமியான் மேல் மரியாதை உண்டு. அவர் சொன்னதில் தர்க்கப் பிழை இல்லை. ஒரே ஓட்டம், ஒருவருக்கு அது பந்தத்தின் அடையாளம், இன்னொருவருக்குப் பிரிவின் அடையாளம். ஒரு நாள் புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்கவே முடியாது. தீர்த்தது காலம். இந்த வேகத்தில் சிதறுவதாக இருந்தால் நூறு கோடி, இருநூறு கோடி வருஷத்தில் எல்லாம் காணாமல் போயிருக்க வேண்டும். ஆனால் அங்கிருக்கும் நட்சத்திரங்களுக்கு வயது ஆயிரம் கோடி வருஷம். பார்க்கிற இடமெல்லாம் கூட்டம் கூட்டமாக இன்னும் இருக்கின்றன. போகிறவர்கள் என்றால் இத்தனை நேரம் போயிருக்க வேண்டாமா?

இதற்குள் 1959இல் கானும் வோல்ட்யரும் ஆண்ட்ரோமீடாவை வைத்து இன்னொரு அழகான வாதம் செய்திருந்தார்கள். பிரபஞ்சமே விரிகிறது, எல்லாம் எல்லாவற்றையும் விட்டு விலகுகிறது. ஆனால் ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி வருகிறது. சூரியனுடைய சொந்த ஓட்டத்தைக் கழித்தால் விநாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர். தொடக்கத்தில் அதுவும் விலகிப் போனதுதான். எங்கோ நின்று, திரும்பியிருக்கிறது. பிரபஞ்சத்தின் வயதுக்குள் ஒன்றைத் திரும்பி வரச் செய்ய எவ்வளவு இழுப்பு வேண்டும் என்று கணக்கிட்டால், நம் இரண்டு கேலக்ஸிகளின் நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்தாலும் போதாது. கரும்பொருள் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னாலேயே, திரும்பி வருகிற ஒன்றை வைத்து, நம் வீட்டுக் கூட்டத்தின் எடையைச் சொல்லிவிட்டார்கள்.

ஆயாவின் வாதமும் காலத்தை நம்பியதுதான். ஆனால் அவளிடம் தரவு இல்லை. என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

ஓசூரிலிருந்து ஒகேனக்கலுக்கு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகப் போனால் கிட்டம். அக்கா ஒவ்வொரு வருஷமும் ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒகேனக்கல் போகிறாள். அஞ்செட்டி வழியாக அல்ல. தருமபுரி வந்து, இறங்கி, பென்னாகரம் வழியாகப் போகிற பஸ் பிடித்து. அந்த பஸ் இண்டூரில் நிற்கும். “ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். ஜன்னல் பக்கமா உக்காந்துக்குவேன். கூட்டம் ஏறி முடிக்கிற வரைக்கும் பாத்துட்டே இருப்பேன்” என்றாள் ஒருமுறை போனில். இறங்க மாட்டாள். இறங்கியதில்லை. அவள் வீட்டுக்காரர் முதல் இரண்டு வருஷம் ஏன் இந்தச் சுத்து என்று கேட்டாராம். அப்புறம் கேட்பதில்லை.

நாற்பது ஐம்பது கிலோமீட்டர் கூடுதலாக வளைகிற ஒரு பாதை. எந்தக் கல் இப்படி வளைந்து போகும், கயிறே இல்லாமல்?

இந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டுவிடக் கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். வளைவைப் பார்த்தவுடன் அங்கே ஒன்று இருக்கிறது என்று அடித்துச் சொல்வதும் ஆபத்து. அதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம், நம் சென்னையிலேயே இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள் 1792ஆம் வருஷத்துக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது, தமிழ் எழுத்தும் பொறித்தது. ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தின் மிச்சம். 1855இல் அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப், ஓஃபியூக்கஸ் மண்டலத்தில் 70 என்று எண்ணிட்ட ஓர் இரட்டை நட்சத்திரத்தை அளந்துகொண்டிருந்தார். ஒன்றையொன்று சுற்றும் அந்த இரண்டின் பாதையில் ஏதோ பிசகு. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்கிறது, அது இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால்தான் யுரேனஸின் பிசகை வைத்து நெப்டியூனைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த வெற்றியின் சூடு ஆறியிருக்காது. வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்று அளவீட்டை வைத்துச் சொன்ன மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று அது, நுங்கம்பாக்கத்திலிருந்து. நாம் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் கோள் இல்லை. 1890களில் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதே சங்கதியை மறுபடி எடுத்தபோது, அப்படி மூன்றாவதாக ஒன்று இருந்தால் அந்த அமைப்பே நிலைக்காது என்று 1899இல் ஃபாரஸ்ட் மௌல்டன் காட்டினார்.

ஜேக்கப்பிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி நட்சத்திரம், அளவீட்டின் தடுமாற்றத்துக்குள் அடங்கிவிடக்கூடிய சின்ன விலகல். கரும்பொருளின் கதை அப்படி இல்லை. 1970இல் வெரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை அளந்தார்கள். பின்னால் வந்தவர்கள் கேலக்ஸிக் கொத்துகள் ஒளியை வளைக்கும் அளவைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் கேட்காத சாட்சிகள் ஒரே திசையில் கை காட்டுகிறார்கள். ஆனாலும் 1983இல் மொர்டெஹை மில்க்ரோம், எடையைச் சேர்ப்பதற்குப் பதில் ஈர்ப்பின் சட்டத்தையே கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமே என்றார். அவரை நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு கோணத்தில் எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். அக்கா விஷயத்தில் சுற்றி இருக்கிற எல்லோரும் குணத்தை, பாசத்தை, விதியைக் காரணம் சொல்வார்கள். சட்டம் தப்பாக இருக்கலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

2019இல் ஆயா இறந்துபோனாள். அக்கா வந்தாள். பந்தலுக்குள் வரவில்லை, தெருமுனையில் அரை மணி நேரம் நின்றாள். யாரும் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எடுத்ததும் போய்விட்டாள். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: “ஆயாதான் இத்தனை பேரையும் புடிச்சி வெச்சிருந்தாங்க. இனிமே யாரு வரப்போறா.” நானும் அப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடுவில் இருந்த வெளிச்சம் போய்விட்டது, ஒன்பதும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

போகவில்லை. அடுத்த பொங்கலுக்கும் வந்தோம். அதற்கடுத்த பொங்கலுக்கும். சண்டையும் அதே அளவு. கண்ணீரும் அதே அளவு. வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்படியென்றால் எங்களைக் கட்டி வைத்திருந்த எடையில் ஆயா எவ்வளவு? நாங்கள் பார்த்ததெல்லாம் அவளைத்தான், அதனால் எல்லாவற்றையும் அவள் கணக்கில் எழுதினோம். ஆண்ட்ரோமீடாவைப் பார்க்கிறவன் அந்தத் திட்டுதான் கேலக்ஸி என்று நினைப்பது மாதிரி. மிச்ச எடை எதனால் ஆனது? பிரிக்காத ஒன்றரை ஏக்கர் நிலம் ஒரு பங்கு. குலதெய்வம் ஒரு பங்கு. வராவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற பயம் ஒரு பங்கு. நிஜமான பாசமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சாதி எத்தனை பங்கு? எந்த ஊரிலும் மேலே இருந்து ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்தால் போதும், யார் எந்தத் தெரு வழியாக நடக்கிறார்கள், எங்கே வேகத்தைக் குறைக்கிறார்கள், எங்கே வளைந்து போகிறார்கள் என்று. யாரும் யாரையும் தடுப்பது படத்தில் தெரியாது. பாதைகள் மட்டும் தெரியும். எடை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு முறையின் நேர்மையும் வரம்பும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எவ்வளவு என்று சொல்லும். என்ன என்று சொல்லாது. லட்சம் கோடி சூரியன் எடைக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்ன துகள் என்று துணை கேலக்ஸிகளின் ஓட்டம் ஒருபோதும் சொல்லப்போவதில்லை. அதற்குத் தனியாகத் தோண்ட வேண்டும். சொல்லப்போனால் நிஜமாகவே தோண்டியிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்துக்குள் 555 மீட்டர் ஆழத்தில் 2017 முதல் ஓர் ஆய்வகம் இருக்கிறது, கரும்பொருள் துகள் வந்து மோதுகிறதா என்று பார்க்க. உலகத்தில் பல இடங்களில் இதே வேலை நடக்கிறது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு மோதல் இன்னும் பதிவாகவில்லை. எடையை அளந்தவர்கள் அவசரப்பட்டு அதற்குப் பெயர் சூட்டாமல் காத்திருக்கிறார்கள். வீடுகளில் நாம் காத்திருப்பதில்லை. பிடித்துவைப்பது எதுவானாலும் பாசம் என்று உடனே பெயர் வைத்துவிடுகிறோம். எங்களை இழுத்து வைத்த அதே எடைதான் அக்காவைத் தெருமுனையில் நிறுத்தியது என்றால், அந்தப் பெயர் சரியாக வருமா?

இன்னொரு விஷயமும் எண்ணிக்கையில் வராமல் போகிறது. லாகூரில் பிறந்து சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1943இல், ஒரு பெரிய பொருள் நட்சத்திரக் கூட்டத்துக்குள் நகரும்போது அது இழுத்த நட்சத்திரங்களே பின்னால் திரண்டு அதைத் தடுத்து மெல்ல மெல்ல வேகம் குறையச் செய்யும் என்று காட்டினார். அதனால்தான் பெரிய துணை கேலக்ஸிகள் காலப்போக்கில் நடுவே மூழ்கிக் கரைந்துபோகின்றன. இன்று நாம் எண்ணுவது மூழ்காமல் மிஞ்சியவற்றை. ஆண்ட்ரோமீடாவைச் சுற்றி நீளமாக ஒரு நட்சத்திர ஓடை கிடக்கிறது, 2001இல் கண்டுபிடித்தார்கள், அது விழுங்கிய ஒரு கேலக்ஸியின் மிச்சம். அம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் ஊர், ஓர் இழுப்பு இருந்தது. அம்மாவின் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் என்பது எனக்கே பத்து வயதில்தான் உறைத்தது. அவர்கள் இன்று இந்த வீட்டின் எடையில் அடக்கம். துணை என்று யாரும் எண்ணுவதில்லை.

லியோ 1 என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டேன். பார்வைக்கோட்டு வேகத்தை மட்டும் வைத்து அடித்துக்கொண்டிருந்த காலத்தில் பலர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். தங்கள் கட்டுரைகளில் இரண்டு எண் கொடுத்தார்கள். லியோ 1 சேர்த்தால் எடை இவ்வளவு, சேர்க்காவிட்டால் இவ்வளவு. முடிவு தெரியாதபோது ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை உண்மை என்று விற்கவில்லை. பிறகு ஹபிள் தொலைநோக்கி சுமார் ஐந்து வருஷ இடைவெளியில் லியோ 1ஐ இரண்டு முறை படம் பிடித்தது. அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் இருக்கும் கேலக்ஸிகளை நிலையான புள்ளிகளாக வைத்து, அது பக்கவாட்டில் நகர்ந்த மிக மிகச் சிறிய தூரத்தை அளந்தார்கள். அதுவரை யாரும் பார்த்திராத அதன் மறுபக்க வேகம். 2013இல் முடிவு வந்தது. சுமார் நூறு கோடி வருஷத்துக்கு முன்னால் லியோ 1 பால்வீதிக்கு அருகே வந்து போயிருக்கிறது. இப்போது விலகிப் போய்க்கொண்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் அது பால்வீதிக்குக் கட்டுப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் பால்வீதியின் எடை லட்சம் கோடி சூரியன்களுக்குக் குறையாது.

விலகிப் போவதும் கட்டுப்பட்டிருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் படித்ததில்லை. அக்காவுக்கு இதை விளக்கப் பார்த்தேன். “அதுக்குத் திரும்பி வரணும்னு ஆசை இருக்கான்னு கேட்டாங்களா?” என்றாள். கட்டுப்பட்டது என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. நியாயம்தான். நான் அளக்கிறேன் என்று கிளம்பியது வீட்டின் எடையை. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அது தொடவே இல்லை. அவள் அந்த ரெண்டு நிமிஷத்தில் ஜன்னல் வழியாகப் பார்ப்பது எங்கள் வீட்டையா, இல்லை தான் தப்பித்து வந்த இடத்தையா என்று நான் கேட்டதில்லை.

வருகிற தை மாதம் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். மண்டபம் தருமபுரியில். பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே வீட்டுப் பிள்ளைகள் பெயர் வரும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலை எப்போதும் என் தலையில்தான். “ஒம்போது பேரும் வரிசையா போட்ரு, வயசுப்படி” என்றார் சித்தப்பா. வயசுப்படி போட்டால் முதல் பெயர் அக்காவுடையது. அவளிடம் போனில் கேட்டேன், போடட்டுமா என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. “போட்டா வரணுமா?” என்றாள். வர வேண்டியதில்லை என்றேன். “அப்பச் சரி” என்றாள்.

இரண்டு பட்டியல் அடித்துச் சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் ஒன்பது பெயர், இன்னொன்றில் பத்து. இரண்டையும் பார்த்துவிட்டார், வாட்ஸப்பில் நீல டிக் விழுந்துவிட்டது. அச்சகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள்.